ஜெயத்தின் அலைப்பலகை

பக்கிரி மாமாவைப் போன்ற பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. என் அக்கா ஜெயத்தின் புருஷன். முதலியார்பேட்டையில் வீடு, பஞ்சு மில்லில் தச்சு வேலை. தறிக்கு வேண்டிய மரச்சாமானை மயிரிழை பிசகாமல் செய்வார் என்று மில்லில் பேர். அந்தப் பேர்தான் அவரைக் கெடுத்தது என்பேன் நான்.

அக்காவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப் போயிற்று. மாசிமகத்தன்று வைத்திக்குப்பத்தில் ஊரே கடலில் இறங்கும். அவள் மட்டும் மணலில் உட்கார்ந்து எங்கள் மாற்றுத்துணிக்குக் காவல் இருப்பாள். அலையில் நிற்க அவளால் முடியாது. ஐம்பத்தேழாம் வருஷ மாசிமகத்தில், குப்பத்துப் பிள்ளைகள் உடைந்த கட்டுமரத் துண்டில் குப்புறப் படுத்து அலையோடு கரைக்கு வழுக்கி வந்தார்கள். அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“படுத்துக்கினு வர்றதுக்குக் காலு எதுக்கு?” என்று மாமாவைக் கேட்டாள்.

அவ்வளவுதான். மறுவாரமே கல்யாண முருங்கைப் பலகைகள் வீட்டுக்கு வந்துவிட்டன. கனமில்லாத மரம். அக்காவைக் கூடத்தில் குப்புறப் படுக்க வைத்து, மோவாயிலிருந்து முழங்கால் வரை கரியால் சுற்றிக் கோடு போட்டார். கூச்சத்தில் அவள் நெளிந்ததில் கோடு இரண்டு இடத்தில் கோணிப் போயிற்று. பசை உப்புத் தண்ணீரில் கரைந்துவிடும் என்று பலகைகளை மூங்கில் ஆணியால் சேர்த்தார்.

முதலில் கதவு மாதிரி ஒரே தட்டையாக இழைத்தார். கடலில் தானே படுத்துப் பார்த்தபோது, அதன் மூக்கு மணலில் குத்தி மாமா கரணம் அடித்தார். நான் சிரித்ததற்கு இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. பிறகு கட்டுமரங்களின் முனையைப் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்து, முன்பக்கம் தடிமனாக ஒரு கட்டையைப் பொருத்தி மேல்நோக்கிச் செதுக்கினார். மரத்தில் தண்ணீர் ஏறாமலிருக்கக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினார். இந்தத் தடவை அலை அவரைக் கரையில் கொண்டுவந்து போட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஊர் வாய்க்குப் பயந்து விடியும்போதே போனோம். அக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டாள். மாமா அவளைத் தூக்கிப்போய் இடுப்பளவுத் தண்ணீரில் பலகைமேல் படுக்க வைத்தார். அலை வந்தது, தூக்கியது, அவளை விட்டுவிட்டுத் தாண்டிப் போனது. பத்து அலைக்கும் அதே கதை.

ஆளின் கனத்துக்குப் பலகை பெரிசு என்று மாமா முடிவு கட்டினார். வீட்டுக்கு வந்து ஓரத்தைக் குறைத்தார். நகரவில்லை. அடியை இழைத்தார். நகரவில்லை. சித்திரை போய் வைகாசியும் பிறந்துவிட்டது. பலகை தேயத் தேய அக்காவின் முகமும் வாடிக்கொண்டே வந்தது. இனிமேல் கடலுக்கு வரவில்லை, இதுதான் கடைசி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போதே சொல்லிவிட்டாள்.

அன்றும் ஐந்தாறு அலை சும்மா போயின. மாமா பலகையின் வாலைத் தடவி, இங்கே இன்னும் ஒரு நூல் அளவு இழைத்து எடுக்கவேண்டும் என்று முணுமுணுத்தார். அக்கா கழுத்தைத் திருப்பி அவர் கையைப் பார்த்தாள். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மரத்துல குத்தம் இல்லய்யா. அல வர்றப்பல்லாம் நீதான் பின்னால புடிச்சிக்கினு இருக்க.”

மாமா பிடியை விடவில்லை. “உட்டா முழுவிடுவ.”

“முழுவுனா தூக்கு. இப்ப உடு.”

மூன்று மாதமாக மரத்தில் குற்றம் தேடிய மனுஷன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய அலை ஒன்று வந்தது. விட்டார். அக்கா என்னைத் தாண்டிக் கரைக்குப் பறந்தாள். வாயெல்லாம் மணல், கண்ணெல்லாம் தண்ணீர். நானும் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

தன்னை உடனே திரும்பக் கொண்டுபோய் விடச் சொன்னாள். வெயில் ஏறும்வரை கொண்டுபோய் விட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு அலைக்கும் அக்கா சந்தேகத்தோடு திரும்பிப் பார்ப்பாள். மாமா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார்.