மடு மண்ணில் போட்ட விதை

இம்மாகுலேற் மன்னார்க்காரி. பரிஸ் நகரத்து லாச்சப்பலில் என்னோடு ஒரே அறையில் இருந்தாள். ஊரிலிருந்து வருகிறவர்கள் மிளகாய்த்தூள் கொண்டுவருவார்கள். இவள் ஒரு சின்னத் தகரப் பேணியில் மடு மாதா கோயில் மண் கொண்டுவந்திருந்தாள். பாம்புக் கடிக்கு அதுதான் மருந்தாம்.

"பரிசில பாம்பு எங்கை கிடக்கு?" என்று சிரிப்பேன்.

"கிடக்கட்டும் யோகராணியக்கா" என்பாள்.

அவள் புருசன் அல்பிரட் எண்பத்தைந்தில் இராமேஸ்வரத்துக்குப் படகேறினான். படகும் இல்லை, ஆளும் இல்லை. செத்துவிட்டான் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. அவன் வருவான் என்று நம்பியிருக்க அவளுக்கு அது போதுமாக இருந்தது.

ஆராய்ச்சிக்காகக் காய்ந்த செடிகளைத் தாளில் வைத்துத் தைத்துச் சேமிக்கும் கூடமொன்றில் அவளுக்கு வேலை. ஒருநாள் சகாரா மலையொன்றில் பறித்த காட்டு அஸ்டர் பூச்செடி கைக்கு வந்தது. தாளின் மூலையில் இடமும் ஆண்டும் எழுதிய சீட்டு. பிறகு அதே செடியைத் தேடி அந்த மலைக்குப் போனவர்களும் கீழே சீட்டு ஒட்டியிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே சேதி: தேடினோம், காணவில்லை.

"ஒருத்தரும் அழிஞ்சு போச்செண்டு எழுதேல்லை அக்கா" என்றாள், முகமெல்லாம் மலர்ந்து. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

தாளிலிருந்து உதிர்ந்த இரண்டு விதைகளை எடுத்து வந்தாள். தயிர் தின்று முடித்த யோகட் கோப்பையில் பேணி மண் முழுவதையும் கொட்டி, விதைகளைப் புதைத்து, நேர்ந்துகொண்டாள். இது முளைத்தால் அவர் வருவார். தினமும் ஜன்னலோரம் குனிந்து பார்ப்பாள். அவள் இல்லாத நேரம் நானும் பார்ப்பேன்.

கோடை போயும் முளைக்கவில்லை. பொறுக்கமாட்டாமல், விதை எடுத்ததைச் சொல்லி, ஏன் முளைக்கவில்லை என்று கூடத்து மேலாளர் அம்மாவிடமே கேட்டுவிட்டாள். அந்த மனுசி ஏசவில்லை, பயந்துபோனாள். பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் செடிகளைப் பாதரச நஞ்சில் தோய்த்துத்தான் ஒட்டினார்களாம். விதை எப்போதோ செத்துவிட்டது, மண்ணை எறிந்துவிட்டுக் கையைக் கழுவு என்றாளாம்.

இம்மாகுலேற் வந்து கட்டிலில் இருந்தாள்.

"விசம் எடுக்கிற மண்ணக்கா. அதிலையே நஞ்சைக் கலந்திட்டன்."

"உனக்குத் தெரியாதுதானே" என்றேன்.

ஞாயிறு பூசையில் அல்பிரட் திரும்பி வரவேண்டுமென்று வேண்டுதல் கொடுப்பது அவள் வழக்கம். அந்த ஞாயிறு நானும் துணைக்குப் போனேன். சாமியார் வழக்கம்போலப் பெயரை எழுதப் போனார்.

"இறந்த ஆத்துமாவுக்கு, ஃபாதர்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கோப்பையைக் கையில் எடுத்தாள். செத்தவரை அடக்கம் செய்யும்போது குழிக்குள் ஆளுக்கொரு பிடி மண் போட்டு அனுப்புவது அவர்கள் வழக்கம்.

"எங்கையக்கா போடுறது?" என்று கேட்டாள்.