அந்த வாட்சை வாங்கியது நான்

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வாட்சை வாங்கியது நான். ஒரு சனிக்கிழமை மதியம், யாரையும் துணைக்கு அழைக்காமல், பவானிபூரில் ஒரு கடைக்குப் போய், என் சம்பளத்தில் எனக்காக வாங்கினேன். கடையில் இருந்த பெண், “தாதாவுக்கா?” என்று கேட்டாள். இந்த ஊரில் தாதா என்றால் அண்ணன்; என் வீட்டுக்காரரைச் சொல்கிறாள். எனக்குத்தான் என்றேன். இன்னொரு தடவை என்னைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகிக் கல்கத்தா வந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. என் வீட்டுக்காரரும் இன்னொரு அலுவலகத்தில் இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றார். ஒரே மகன் ஹைதராபாத்தில் இருக்கிறான். இதில் எங்கேயும் நான் ஒரு வாட்ச் வாங்கக்கூடாது என்று எழுதியிருக்கவில்லை.

கறுப்புச் சதுர வாட்ச். மணி காட்டும், எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணும், இதயத் துடிப்பைச் சொல்லும். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் கையில் உதறி, எழுந்திரு என்னும். வீட்டில் என்னை உட்காரச் சொல்ல ஆளில்லை. எழுந்திருக்கச் சொல்ல மட்டும் இதுவும் ஒன்று சேர்ந்துகொண்டது. ஆனாலும் அதன் மேல் எனக்குக் கொள்ளை ஆசை. இடது கை வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் லிஃப்டுக்குள்ளேயே ஆரம்பித்தது. என் பக்கத்து மேஜைக்காரி என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, “கே திலோ?” என்றாள். யார் கொடுத்தது என்று கேட்கிறாள். நான் வாய் திறப்பதற்குள் அவளே, “தாதாவா? ரிட்டயர் ஆன பிறகுதான் ஆண்களுக்குப் புத்தி வருகிறது” என்று சொல்லிவிட்டு மூன்றாவது மாடியில் இறங்கிப் போய்விட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மேஜை முன்னால் வரிசை நின்றது. இந்த ஊர்க்காரர்களுக்கு உடம்பைப் பற்றிப் பேசுவதில் இருக்கும் சுகம் வேறெதிலும் கிடையாது. பிரஷர், காஸ், அம்பல் என்கிற புளியேப்பம் என்று ஆரம்பித்தால் ஃபைல்கள் தூங்கிவிடும். ஒவ்வொருவராக வாட்சைக் கட்டிப் பார்த்தார்கள். ஒருவருக்குத் துடிப்பு எழுபத்து நான்கு. அடுத்தவருக்கு எண்பத்திரண்டு; ஜெயித்துவிட்ட மகிழ்ச்சியில் அவர் எல்லாரிடமும் போய்ச் சொன்னார். இன்னொருவர் கீழே போய் நான்கு கச்சோரி தின்றுவிட்டு வந்து மறுபடி கட்டிப் பார்த்தார். துடிப்பு ஏறியிருந்தது. “பார்த்தீர்களா, எனக்கு காஸ்தான், நான் அன்றைக்கே சொன்னேனே” என்றார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். வாட்சைத் திரும்ப வாங்கியபோது அதில் கடுகெண்ணெய் வாசம் அடித்தது.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது புதுச் செருப்பு போட்டாலும் சரி, பதவி உயர்வு வாங்கினாலும் சரி, பார்த்தவர்கள் “காவாதே ஹோபே” என்பார்கள். எங்களுக்குச் சாப்பாடு போட்டாக வேண்டும் என்று அர்த்தம். வாங்கியவர் போட்டுத்தான் ஆக வேண்டும். எரிச்சலாக இருக்கும், ஆனால் கேட்காமல் விட்டால்தான் மனசு நோகும். நான் இதற்குத் தயாராகவே போயிருந்தேன். எந்தக் கடையில் சந்தேஷ் இனிப்பு வாங்குவது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன். அவர்களும் கேட்டார்கள். “தாதாவிடம் சொல், எங்களுக்குக் காவாதே ஹோபே!” என்று கேட்டார்கள். எனக்கு வாய்க்குள் கசந்தது.

அதன் பிறகு எங்கே போனாலும் இதே கதைதான். காளிகாட்டில் மெட்ரோ ஏறினால் பக்கத்து இருக்கை அம்மாள் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். ‘கொத்தமல்லி வாங்கிட்டு வா’ என்று என் வீட்டுக்காரர் அனுப்பியது வாட்சில் வந்து நின்றது. தமிழ் தெரியாததால் அந்த அம்மாள் என்னையே கேட்டார். சொன்னேன். “ஸ்டேஷன் வாசலில் வாங்காதே, வாடிப்போயிருக்கும்” என்றார். பிறகு, “நல்ல மனுஷன். வாட்ச் வாங்கிக் கொடுத்து அதிலேயே கொத்தமல்லியும் கேட்கிறார்” என்றார். நான் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். எங்கள் கட்டிடத்துத் தமிழ்க்காரி ஒருத்திக்கோ வாட்சே கண்ணில் படவில்லை. “வளையல் எங்க? அடகு வச்சுட்டீங்களா?” என்று காதோடு கேட்டாள்.

மகனுக்கு ஃபோனில் சொன்னேன். “சூப்பர்மா! அப்பா வாங்கிக் குடுத்தாங்களா?” என்றான். நான் பெற்ற பிள்ளை!

இதெல்லாம்கூடப் போகட்டும். ஒரு வியாழக்கிழமை அலுவலகம் விட்டு லேக் மார்க்கெட்டில் எங்கள் வழக்கமான மளிகைக் கடையில் உளுந்து வாங்க நின்றேன். கடைக்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். என்னை அக்கா என்பார். வாட்சைப் பார்த்ததும் சிரித்தார்.

“இதுதானாக்கா அது? சார் சொன்னாரு.”

“என்ன சொன்னாரு?”

“அக்காவுக்கு வாட்ச் வாங்கிக் குடுத்தீங்களாமேன்னு சார்கிட்ட கேட்டேன். ஏதோ நம்மால முடிஞ்சதுன்னாரு. சார் ரொம்ப அடக்கம்கா.”

வாட்ச் கையில் உதறியது. இதயத் துடிப்பு அதிகமாக இருக்கிறதாம், நிதானமாக மூச்சை இழுத்து விட வேண்டுமாம். நான் உளுந்தை வாங்காமலே வீட்டுக்கு நடந்தேன். அன்று அடிக்கணக்கு என்றுமில்லாத வேகத்தில் ஏறியது.

அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, இந்த வாட்சை நீங்களா வாங்கிக் குடுத்தீங்க?”

பேப்பரை மெதுவாக மடித்தார். “நான் அப்படிச் சொல்லலியே.”

“பின்ன?”

“அவங்களா சொன்னாங்க. நான் மறுக்கல.”

முப்பத்தைந்து வருஷ அரசாங்க உத்தியோகம் ஒரு மனிதனுக்கு என்னவெல்லாம் கற்றுக் கொடுக்கிறது பாருங்கள். சொல்லாமல் சொல்வது, செய்யாமல் செய்வது, எதற்கும் கையெழுத்துப் போடாமல் ஃபைலை அனுப்புவது.

“எத்தனை பேர்ட்ட மறுக்கல?”

கொஞ்சம் யோசித்தார். “காலைல டீக்கடைல எல்லார்ட்டயும்.” பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். “அதுல ஒரு சின்ன விஷயம். அவங்க காவாதே ஹோபேன்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலைல வாராங்க. எட்டுப் பேரு, பௌதிகளோட சேத்து. உளுந்த வடை கேக்காங்க.”

பௌதி என்றால் அண்ணி; டீக்கடை தாதாக்களின் மனைவிமார். நான் போட்ட சத்தம் மேல் மாடிவரைக்கும் கேட்டிருக்கும்.

“நான் வாங்குன வாட்சை நீங்க வாங்கிக் குடுத்ததுக்கு, நான் வடை சுடணுமா?”

வாட்ச் மறுபடி மூச்சு விடச் சொன்னது. கழற்றி மேஜை மேல் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே பேசினார். “ரிட்டயர் ஆனப்புறம் என்ட்ட யாரும் ஒண்ணும் கேக்கது இல்லல்லா. உக்காந்து டீ குடிப்பேன், வந்துருவேன். அன்னைக்கு எல்லாரும் எந்திரிச்சு வந்து கையக் குடுத்தாங்க. இத்தனை வருஷத்துல உனக்குன்னு நான் எதையாவது வாங்கி, நாலு பேரு கேட்டிருக்காங்களா? அதான், இல்லன்னு சொல்ல வாய் வரல.”

அவர் சொன்னது நிஜம். எனக்குப் புடவை எடுத்தால்கூடப் பணத்தை என்னிடம் கொடுத்து, நீயே பார்த்து எடு என்பவர். கேட்டதும் நெஞ்சு இளகத்தான் செய்தது. இளகியதில் கோபம் இன்னும் கூடியது. இந்த மனிதர் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, பாவப்பட வேண்டிய வேலையையும் என் தலையில் கட்டிவிட்டாரே.

“வடை சுட்டுத் தாரேன். ஆனா அவங்க அத்தனை பேரு முன்னாடியும் நீங்க உண்மையச் சொல்லணும்.”

“அத்தனை பேரு முன்னாடியுமா?”

“அத்தனை பேரு முன்னாடியும்.”

மறுநாள் அவரே போய் உளுந்து வாங்கி வந்தார். ஞாயிறு விடியற்காலை அவரே ஊறப்போட்டு, அவரே கிரைண்டர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்டினார். அதிகமாகத் தெளித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். ஆனால் மாவு பஞ்சு மாதிரி வந்தது. அப்போதுகூட நான் பாராட்டவில்லை.

ஒன்பது மணிக்கு எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். நான் அடுப்படியில் நின்று வடையைத் தட்டித் தட்டிப் போட்டேன். அவர் தட்டில் வாங்கிக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தார். கூடத்தில் அவர் புகழ்தான் ஓடிக்கொண்டிருந்தது. மேல் மாடி பௌதி தன் கணவரைப் பார்த்து, “இவரைப் பார்த்துக் கற்றுக்கொள். நீ எனக்குக் கடைசியாக வாங்கிக் கொடுத்தது பிரஷர் மாத்திரை” என்றார். அந்த தாதா தலையைக் குனிந்து இன்னொரு வடை எடுத்தார். ஆண்கள் எல்லாருக்குமே என் வீட்டுக்காரர் மேல் கொஞ்சம் கடுப்பு. வடை நன்றாக இருந்ததால் பொறுத்துக்கொண்டார்கள்.

நான் கரண்டியோடு அடுப்படி வாசல்படியில் வந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். உடனே சட்னியைப் பார்த்தார். நான்கு ஈடு வடை முடிந்துவிட்டது. அவர் வாயைத் திறந்தது சாப்பிட மட்டும்தான்.

இனி சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. நானே சொல்லியிருக்கலாம். ஒரு வரி போதும். ஆனால் அந்த எட்டுப் பேருக்கு நடுவில், புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தட்டைப் பிடித்தபடி நிற்கிறவரைப் பார்த்தபோது எனக்கு மனசு வரவில்லை. போகட்டும், அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று அடுப்புக்குத் திரும்பிவிட்டேன். அழுகையாக வந்தது, சொல்வதற்கென்ன.

அப்போதுதான் கூடத்திலிருந்து அவர் குரல் கேட்டது. அவருடைய பெங்காலி ஆபீஸ் பெங்காலி; வார்த்தைக்கு ஒரு தடவை நிற்கும்.

“ஆமி கினினி.” நான் வாங்கவில்லை.

எட்டுப் பேரும் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். வாணலியில் எண்ணெய் மட்டும் சத்தம் போட்டது.

“பின்னே யார், பையனா?” என்றார் மேல் மாடி தாதா.

“இல்லை. அவளே வாங்கினாள். எந்தக் கடை என்றுகூட எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதனால் சும்மா இருந்துவிட்டேன்.” சொல்லிவிட்டுத் தட்டைக் கீழே வைத்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வாசல்படிக்கு வந்தேன். அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. யாராவது சிரித்தால் கரண்டியாலேயே போடுவது என்று இருந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. மேல் மாடி பௌதி கையைத் துடைத்துக்கொண்டு, தீர்ப்பு சொல்கிற தோரணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்படியானால் இன்றைய சாப்பாடு கணக்கில் சேராது. வாட்ச் வாங்கியவர் இன்னும் ஒன்றும் போடவில்லையே” என்றார். பிறகு நேராக என்னைப் பார்த்தார். “நீ எப்போது போடுகிறாய்?”

எட்டுப் பேரும் என் பக்கம் திரும்பினார்கள். காவாதே ஹோபே, காவாதே ஹோபே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒருவர் தோசை என்றார், ஒருவர் மறுபடியும் வடையே என்றார். இத்தனை பேர் சேர்ந்து என்னிடம் வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டு, எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்தது அதுதான் முதல் தடவை.

“அடுத்த ஞாயிறு,” என்றேன். “ஆனால் நான் சுட மாட்டேன். லேக் மார்க்கெட் ஓட்டலுக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். நானும் உட்கார்ந்து சாப்பிடுவேன்.”

கைதட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குள் என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து, தமிழில், யாருக்கும் கேட்காத மாதிரி, “நானும் வரலாமா?” என்றார்.

“வாங்க,” என்றேன். “உங்களுக்கும் நானே வாங்கித் தாரேன்.”