அம்மாவின் ரத்தத்தில் ஒளிந்திருந்ததைக் கர்த்தர் காட்டினார்

என் அம்மாவை ஜெபத்தில் தாங்கிய உங்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

போன வருடம் ஈஸ்டர் முடிந்த வாரத்தில் அம்மா படுத்துவிட்டார். கோவளத்தில் மீன் விற்கிறவர். கூடையோடு ஓடிப்போய் பஸ் பிடிக்கிறவர், படியில் கால் வைக்க முடியாமல் நின்றார். காய்ச்சல் விடவில்லை. மண்ணீரல் வீங்கியிருந்தது. "ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம். எந்த வகை என்று தெரியாமல் மருந்து தொடங்க முடியாது" என்றார் டாக்டர். நொறுங்கிப் போனேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். தாம்பரத்தில் ஒரு ஆய்வகத்தில் வெள்ளை அணுக்களை வகை பிரிப்பது என் வேலை. ஒளிரும் சாயம் கட்டிய ஆன்டிபாடி என்ற புரதங்களை ரத்தத்தில் கலப்போம். ஒவ்வொன்றும் தனக்குரிய அணுவில் போய் ஒட்டும். லேசர் பட்டதும் அந்த நிறத்தில் மின்னும். அம்மாவின் ரத்தமும் அங்கேதான் வந்தது.

சோதனைக்கு முந்தின சாயங்காலம் வீட்டு ஜெபத்தில் எல்லோரும், "ரிப்போர்ட்டில் ஒன்றும் இருக்கக் கூடாது" என்று மன்றாடினார்கள். நான், "ஒளிந்திருப்பதைக் காட்டும் ஆண்டவரே" என்று ஜெபித்தேன்.

சித்திக்குக் கோபம். "இன்னாடி ஜெபம் இது? நோயக் காட்டுன்னு எவளாச்சும் கேப்பாளா?"

படுத்திருந்த அம்மாதான் பதில் சொன்னார். "செவுளத் தூக்கிப் பாக்காம மீன் வாங்குவியாடி நீ? அவ படிச்சவ. கேக்கட்டும், வுடு."

மறுநாள் ஆய்வகத்தில் என் சீனியர் அக்கா அந்த ரத்தத்தை நான் தொட விடவில்லை. "உங்க அம்மா ரத்தம் இது, நீ ஓட்ட வேணாம். பக்கத்துல உக்காரு."

அவரே ரத்தத்தை மெஷினில் ஓட்டினார். "பெருசா ஒண்ணும் தெரியலையே" என்றார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. உள்ளுக்குள் ஜெபித்தபடி திரையைப் பார்த்தேன். அதில் ஒவ்வொரு அணுவும் ஒரு புள்ளி. மோனோசைட் என்ற அணுக்கள் விழுகிற இடத்தில் ஒரு சின்னப் புள்ளிக்கூட்டம். மின்னிய நிறமோ வேறொரு வகை அணுவுடையது!

"அக்கா, இங்க பாருங்க. இவங்க இந்த எடத்துக்காரங்களே இல்ல."

"கில்லாடிடி நீ!" என்றார் அக்கா.

வேறு ஆன்டிபாடிகளைச் சேர்த்தோம். அந்தக் கூட்டம் முழுவதும் பளிச்சென்று ஒளிர்ந்தது. நோயின் வகை தெரிந்துவிட்டது. அரிதான வகை, ஆனால் மருந்துக்கு நன்றாக அடங்குகிற வகை. அங்கேயே அழுதேன். ஸ்தோத்திரம் சொன்னேன்.

சிகிச்சை ஒரு வாரம். தேறுவதற்குச் சில மாதங்கள். மறுபடி சோதித்தபோது அந்தக் கூட்டம் இல்லை. இந்த முறை அக்கா என்னையே ஓட்ட விட்டார்! அம்மாவின் குரல் இன்று கோவளம் கரையில் கேட்கிறது. கர்த்தருக்கே மகிமை. என்னைப் படிக்க வைத்தவரும் அவரே.

பயந்துகொண்டு பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்கள் உங்களில் இருந்தால், போய் ரத்தம் கொடுங்கள். நல்ல செய்தியை மட்டும் கேட்காதீர்கள். உண்மையைக் கேளுங்கள். அதைக் காட்டுகிறவர், அதைத் தாண்டிப் போகிற பெலனையும் தருவார்.