ஒரு தேக்கரண்டி பஞ்சாமிர்தம்

குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்கு இருபத்துமூன்று வாரம் காத்திருந்தேன். இருமும்போதெல்லாம் அடிவயிற்றை இரு கைகளாலும் பிடிக்கவேண்டும். வீட்டுப் படிகள் பதினான்கையும் நின்று நின்று ஏறினேன். கடைசியில் கடிதம் வந்தது. காலை ஏழரைக்கு வரவேண்டும். ஆறு மணித்தியாலத்துக்கு எதுவும் சாப்பிடக்கூடாது, வெறும் தண்ணீரை மட்டும் இரண்டு மணித்தியாலம் முன்புவரை குடிக்கலாம்.

முதல்நாள் இரவு எட்டேகாலுக்கு ஐந்து இடியப்பம் சாப்பிட்டேன். தாளில் குறித்தும் வைத்தேன். காலை ஆறு பத்துக்கு, சப்பாத்து மாட்டும்போது, மனைவி கரண்டியோடு வந்தாள். மனோர் பார்க் முருகன் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்து வாங்கிய பஞ்சாமிர்தம்.

"சாப்பிடக்கூடாதெல்லே?"

"இது சாப்பாடே? பிரசாதமப்பா. கந்தசட்டி விரதத்திலயும் நான் எடுக்கிறனான்தானே. வாயைத் திறவுங்கோ."

திறந்தேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று பேர் கேட்டார்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று. மூன்று முறையும் எட்டேகால் என்றேன். நான்காவதாக வந்தவர் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், இளம்பெண். "அதற்குப் பிறகு ஒரு துளிகூட இல்லையா?" என்றார். எதையும் எண்ணிக் குறித்துப் பழகிய மனம் உறுத்தியது. ஆறு பத்துக்கு ஒரு தேக்கரண்டி என்றேன்.

அவர் பேனாவை மூடினார். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். வாழைப்பழம், தேன், நெய், பேரீச்சம்பழம் என்று, காரில் என்னைக் கூட்டிவந்த மகள் சொன்னாள். மயக்கத்தில் தொண்டையின் காவலும் தூங்கிவிடும், வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். அவசரமில்லாத அறுவைக்கு அந்த ஆபத்துக்குத் துணியமாட்டாராம். ஆறு மணித்தியாலம் முடியும் பன்னிரண்டு பத்துவரை பொறுப்பதற்கும் வழியில்லை. அன்றைய அறுவைகள் பன்னிரண்டோடு முடிகின்றன.

அறுவை நடக்காமலே வீடு திரும்பும்போது காரில் மகள் எரிந்து விழுந்தாள். "மூண்டு தரம் மறைச்சிட்டு நாலாந்தரம் ஏனப்பா சொன்னனீங்கள்?"

"சொல்லாமல் செத்திருந்தால்?"

"அம்மா அதுக்கும் ஒரு அர்ச்சனை செய்திருப்பா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவியோடு இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் வாயைத் திறந்தவன் நான்தானே என்ற நினைப்பு அதைவிட எரிச்சலூட்டியது.

மேலும் ஒன்பது வாரம் இருமி முடித்தபின் அடுத்த தேதி வந்தது. அன்று காலை அவள் கையில் கரண்டி இல்லை. நெற்றியில் விபூதி பூசினாள். பழக்கதோஷத்தில், மிச்சத்தை என் நாக்கில் வைக்க விரல் நீண்டது. உதடுகளை இறுக மூடிக்கொண்டேன்.

"சரி, சரி," என்று விரலைச் சேலையில் துடைத்தாள். "முருகனும் பின்னேரம் வரைக்கும் பொறுக்கட்டும்."