ஏரிக்கரையின் கறுப்புச் சதுரங்கள்

நியூ ஜெர்சியின் வடக்கு மூலையில், ஏரியைப் பார்த்தபடி ஒரு சிறிய நூலகம். மேசையில் எழுபது வருடப் பழைய நிலவரைபடம் விரிந்து கிடக்கிறது. ஏரி நீலம், காடு பச்சை. இரும்புச் சுரங்கத்தைச் சுற்றிக் கடுகளவு கறுப்புச் சதுரங்கள். பிஸ்கட்டவே ஊரிலுள்ள என் அலுவலகத்தில் இதே வரைபடத்தைக் கணினியில் ஏற்றியவன் நான். அந்தப் பெருமையைக் காட்டத்தான் மனைவியை அழைத்து வந்திருக்கிறேன். வந்ததுமே நூலகப் பெண்மணியிடமும் சொல்லிவிட்டேன்.

வயதான அந்த அமெரிக்கப் பெண்மணி ஒரு சதுரத்தின் மேல் விரல் வைக்கிறார். சுரங்கத் தொழிலாளியின் மகளாக அவர் பிறந்த வீடு அது. இடித்து வெகு காலமாகிவிட்டதாம். "உங்கள் கணினி வரைபடத்தில் என் வீட்டைக் காட்டுகிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்.

"இங்கே சிக்னல் இல்லை" என்கிறேன். போனில் சிக்னல் முழுதாக இருக்கிறது.

மனைவி தமிழில் மெதுவாகக் கேட்கிறாள்: "ஸ்கேன்ல ஒரே தூசி, எல்லாத்தையும் க்ளீன் பண்ணிட்டேன்னு சொன்னீங்களே, அந்தத் தூசி இந்தக் கறுப்புச் சதுரங்கதானாங்க?"

என்ன சொல்கிறாள் என்று அந்தப் பெண்மணி ஆவலாக என்னைப் பார்க்கிறார்.

"உங்கள் வீடு அழகான இடத்தில் இருந்திருக்கிறது என்கிறாள்."

அவர் மனைவியின் கையைப் பற்றி நன்றி சொல்கிறார். என்னைப் பார்க்காமலேயே மனைவி தலையாட்டுகிறாள்.