ஒரே ஒரு கூடுதல் கேள்வி

நான் ஜொகூர் மாநிலத்தில் ஒரு தவணை சட்டமன்ற உறுப்பினராக இருந்தேன். அந்தக் காலத்தில் நான் பேசிய பேச்சுகளில் ஒன்றுதான் இன்றும் ஜொகூர்க்காரர்கள் நினைவில் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் கை கழுவப் போனால்கூட யாராவது பக்கத்தில் வந்து, "வைபி, அன்னிக்கு அந்த ஆளுக்கு நல்லா குடுத்தீங்க லா" என்பார்கள். வைபி என்றால் மலாயில் மாண்புமிகு; பதவி போன பிறகும் இங்கே நான் வைபிதான். சிலர் கைபேசியில் அந்தக் காணொளியை எனக்கே போட்டுக் காட்டுவார்கள். நான் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஓர் அக்கா இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் பல வருஷம் மெஷின் ஓட்டியவர். பிறகு தம்போயில் பட்டறை வரிசை ஒன்றில் ஒரு லாட், அதாவது ஒரு கடையிடம், வாடகைக்கு எடுத்து, தைலப் புட்டிகளுக்கு பிளாஸ்டிக் மூடி வார்க்கும் பழைய மெஷின்கள் இரண்டை வாங்கிப் போட்டார். வேலை நன்றாக நடந்தது. சிங்கப்பூர் வாடிக்கையாளர் ஒருவர் கூடுதலாக மூடி கேட்க, மூன்றாவது மெஷினும் வந்து இறங்கியது. ஆனால் அதை ஓட்ட முடியவில்லை.

என் சேவை மையத்துக்கு வந்து என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். நீல கன்வாஸ் போர்த்தி ஓரமாக நின்றது அந்த மூன்றாவது மெஷின். கன்வாஸை விலக்கி அதைப் போட்டுக் காட்டினார். சில விநாடிதான் ஓடியது. மெயின் விழுந்து மொத்தப் பட்டறையும் இருட்டானது. "பாத்தீங்களா வைபி, மூணும் சேந்து ஓடாது" என்றார், ஏதோ பிள்ளையின் சேட்டையைச் சொல்வது போல.

அந்த வரிசைக்கு வரும் மின்சாரம் போதவில்லை. புதிதாக ஒரு துணை மின்நிலையம் கட்ட மின் நிறுவனம் தயாராக இருந்தது. அதற்குத் தேவை, பின்பக்கக் கால்வாயோரம் புல் மண்டிக் கிடந்த ஒரு துண்டு அரசு நிலம். பட்டறைக்காரர்கள் எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுத்த விண்ணப்பம் ஒரு வருஷத்துக்கு மேலாக மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. சிங்கப்பூர்க்காரர் வருஷக் கடைசிவரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் மாநிலம் முழுக்கத் தரவு மையங்களைப் பற்றிப் பேச்சு. ஜன்னல் இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றுக்கெல்லாம் கிடைக்கும் மின்சாரம் சின்னத் தொழில் செய்பவர்களுக்கு ஏன் கிடைப்பதில்லை என்று ஒரு வாய்மொழிக் கேள்வியை முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தேன். அக்காவின் விஷயத்தை அதில் வைக்கவில்லை, வேண்டுமென்றே. சபையில் பதில் வந்தபின் கேட்டவருக்கு ஒரே ஒரு கூடுதல் கேள்வி உண்டு. அதை முன்கூட்டி அனுப்பத் தேவையில்லை. பெரிய கேள்விக்கு மழுப்பினாலும், இந்த நிலம், இந்த விண்ணப்பம், எப்போது கிடைக்கும் என்று நேராகக் கேட்டால் ஏதாவது ஒரு தேதியைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். மலாயில் நாலு வரி எழுதி அக்காவிடம் காட்டினேன்.

"சபையில வாயால சொல்லிட்டா பதிவாயிரும் அக்கா. அப்புறம் மாத்த முடியாது. நான் கேக்கறேன்" என்றேன்.

அவர் அன்றைக்குப் பட்டறையை அடைத்துவிட்டுச் சபைக்கே வந்துவிட்டார். பார்வையாளர் மாடத்துக்குச் செருப்போடு விடமாட்டார்கள் என்று நான் சொல்லியிருந்ததால் மகளின் மூடிய காலணியை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். மேலே இரண்டாவது வரிசையில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துத் தலையசைத்தேன்.

என் முறை வந்தது. மாநில அமைச்சர் போன்ற ஆட்சிக்குழு உறுப்பினர் எழுந்து முதலீடு, வளர்ச்சி, வேலைவாய்ப்பு என்று நீளமாக வாசித்தார். மின்சாரம் போதுமான அளவு இருக்கிறது, மேற்கொண்டு எதுவானாலும் மத்தியிலுள்ள கூட்டரசைக் கேட்க வேண்டும் என்றார். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். தாளைக் கீழே வைத்துவிட்டு, மாண்புமிகு உறுப்பினர் தரவு மையம் வேண்டாம் என்கிறார், ஆனால் தினமும் காணொளி போடுகிறார், அவற்றை எந்த மரத்தடியில் சேமித்து வைக்கிறாரோ தெரியவில்லை என்றார். எதிர்வரிசை முழுக்கச் சிரித்தது.

எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். காஹாங் தோட்டப் பள்ளியில் படித்த காலத்திலேயே பேச்சுப் போட்டியில் யாராவது என்னைச் சீண்டிவிட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவர்களை உரிக்கப் போய்விடுவேன். அதற்குக் கைத்தட்டலும் கிடைக்கும். அந்தக் கைத்தட்டல்தான் என்னைக் கெடுத்தது.

கூடுதல் கேள்வி உண்டா என்றார் சபாநாயகர். நாலு வரித் தாள் என் கையில்தான் இருந்தது. எழுந்தேன். "என் காணொளி மரத்தடியிலேயே இருக்கட்டும். மாண்புமிகு உறுப்பினர் தம் பதிலை எந்தக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார் என்று சொல்ல முடியுமா? போன வருஷம் பரிமாறிய அதே பதிலைத்தான் இன்றைக்கும் எடுத்து வைத்திருக்கிறார்" என்றேன்.

எங்கள் வரிசை மேசையைத் தட்டியது. எதிர்வரிசையிலும் சிலர் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்து, நன்றி என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். அப்போதுதான் என் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். மறுபடி கை தூக்கினேன். ஒன்றுதான், உட்காருங்கள் என்று சபாநாயகர் அடுத்தவரை அழைத்துவிட்டார்.

வெளியே அக்கா காத்திருந்தார். மகளின் காலணி குதிகாலைக் கடித்திருந்தது, நொண்டியபடி என்னோடு கார் நிறுத்துமிடம்வரை வந்தார். அதற்குள் என் உதவியாளர் காணொளியை ஏற்றிவிட்டிருந்தார். கைபேசி நிற்காமல் அதிர்ந்தது. அக்கா ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். நான் திரையைப் பார்த்தபடி ம்ம் கொட்டினேன். அவர் என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைசியாகச் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. "பரவால்ல வைபி, அடுத்த தடவ கேளுங்க."

அடுத்த கூட்டத்துக்குப் பல மாதங்கள் ஆயின. இந்த முறை நிலத்தையே முதல் கேள்வியாக அனுப்பினேன். பட்டியலில் அடியில் போய் விழுந்தது, நேரம் முடிந்தது, எழுத்தில் பதில் வந்தது. விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று ஒரு வரி. சிங்கப்பூர்க்காரர் அதற்குள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். மூன்றாவது மெஷின் ஆயர் ஈத்தாமில் யாருக்கோ விலை போனது. அடுத்த வருஷம் மற்ற இரண்டும் போயின. பிறகு நானும் தேர்தலில் தோற்றேன்.

கேட்டிருந்தாலும் மழுப்பியிருப்பார்கள் என்று எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். இருக்கலாம். ஆனால் மழுப்பியிருந்தால் அது அவர்கள் தப்பு. கேட்காதது என் தப்பு.

போன மாதம் தம்போயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அக்காவைப் பார்த்தேன். தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார். மறுபடியும் சிங்கப்பூருக்கே போய்வருகிறாராம், மறுபடியும் யாரோ ஒருவருடைய மெஷின். எனக்கும் சேர்த்து தேத்தண்ணி சொன்னார். இத்தனை வருஷம் சொல்லாததை அன்றுதான் சொன்னேன்.

"அன்னிக்கு நான் நம்ம கேள்வியத்தான் கேட்டிருக்கணும் அக்கா."

அவர் கோப்பையைக் கலக்கினார்.

"நானுந்தான் சிரிச்சேன் வைபி. மேல உக்காந்து கைகூடத் தட்டிட்டேன். தட்டக்கூடாதுன்னு காவக்காரரு வந்து சொன்னாரு. நீங்க உக்காந்த பிறகுதான் ஞாபகம் வந்துச்சி, ஐயோ அலமாக், நம்ம நெலத்தப் பத்தி ஒண்ணுமே வரலியேன்னு."

வீட்டுக்கு வந்து பழைய சட்டமன்றக் கோப்புகளைத் தேடி எடுத்தேன். அந்தத் தாள் இருந்தது. கூடத்தில் யாரும் இல்லை. சபையில் நிற்பதுபோல எழுந்து நின்று நாலு வரியையும் நிதானமாக வாசித்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.