வாசலில் எரிந்த ஸ்டார்

நாங்கள் இந்துக் குடும்பம். என் மனைவி ரோஸி கிறிஸ்தவள். போன ஆடியில் தவறிவிட்டாள்.

துக்க வீட்டில் ஒரு வருடம் பண்டிகை கிடையாது என்பது எங்கள் வழக்கம். தீபாவளியும் இல்லை, கார்த்திகை விளக்கும் இல்லை.

"கிறிஸ்துமஸ் ஸ்டாரும் கட்டக் கூடாது சாமி, ஊரு பேசும்" என்று எங்களோடு இருக்கும் என் அக்கா சொல்லிவிட்டார்.

மகள் அழுதாள். "அது அம்மா பண்டிகைங்கப்பா."

என் போர்வெல் ரிக் ஸ்பேர்ஸ் கடையில் எவனிடமும் பேரம் பேசுவேன். அக்காவிடம் முடியாது.

இன்று மாலை கடையடைத்து வந்தால், ரோஸியின் பழைய சிவப்பு ஸ்டார் வாசலில் எரிகிறது.

மகளைப் பார்த்தேன். "நானில்லீங்கப்பா" என்றாள்.

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது. "நாந்தான்டா கட்டுனேன். ரோஸி கனவுல வந்து தெருவுல நிக்கறா. 'எல்லா ஊடும் இருட்டா இருக்குதுங்கண்ணி, நம்மூடு எதுங்க?'ன்னு கேக்கறா. நான் என்ன பண்ணட்டும்?"

ராத்திரி வாசல் கேட்டைப் பூட்டவும் அக்கா விடவில்லை.

இருபது வருடம் கூடவே வாழ்ந்த என் கனவில் அவள் ஒருநாளும் வரவில்லை. யாரிடம் கேட்டால் காரியம் நடக்கும் என்று தெரிந்துதான் போயிருக்கிறாள்.

உங்கள் வீட்டில் இறந்துபோனவர்கள் யாரிடம் வந்து கேட்கிறார்கள்?